கெடு நாளில் படகுத்துறை

நானூற்றுப் பன்னிரண்டு பணம். கல்லுடைக்கும் சடையன் தன் மகள் செவந்திக்குத் தர வேண்டியிருந்தது அவ்வளவு. சடையன் இருந்தது கருங்கரை அரசில். செவந்தியைக் கட்டிக்கொடுத்தது ஆற்றுக்கு அக்கரையில், மஞ்சநாட்டில். தாய் படுக்கையில் விழுந்தபோது மகள் தன் காதுத்தோட்டை அடகு வைத்து அனுப்பிய பணம் அது. தாய் பிழைக்கவில்லை. தோட்டை மீட்டுத் தருவது என்று சடையன் கல் உடைத்துச் சேர்த்தான். முழுத் தொகையையும் துணியில் முடிந்துகொண்டு படகுத்துறைக்குப் போன காலையில்தான் தண்டோரா போட்டார்கள்.

மஞ்சநாட்டில் அண்ணனும் தம்பியும் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்டார்கள். அதனால் கருங்கரைக்கு அசாதாரணமான அபாயம் வந்திருப்பதாக அரசர் கண்டறிந்தார். அவசரநிலை பிறந்தது. மஞ்சநாட்டோடு படகு இல்லை, பண்டம் இல்லை, பணம் இல்லை. எல்லாம் ஒரு வருடத்துக்கு மட்டும். வருடத்தின் கடைசி நாளில் பொழுது சாய்வதற்குள் அரசர் நீட்டிக்காவிட்டால் தடை தானாகச் செத்துப்போகும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது.

அந்த நாளுக்கு ஜனங்கள் கெடு நாள் என்று பெயர் வைத்தார்கள். அக்கரையில் உறவு உள்ளவர்கள் குளித்து, நல்ல துணி உடுத்தி, பலகாரப் பொட்டலத்தோடு துறையில் வந்து உட்காருவார்கள். படகுக்காரர்கள் துடுப்பை எடுத்து வைத்திருப்பார்கள்.

"என்ன சடையண்ணே, வேட்டி புதுசா? மாப்ள கணக்கா இருக்கீங்க" என்றாள் கன்னியம்மா. அவளுடைய தம்பி அக்கரையில் இருந்தான்.

"போன வருசத்து வேட்டிதான் தாயி. மடிச்சே வச்சிருந்தேன்."

பொழுது சாயக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பறை கேட்கும். அபாயம் தொடர்கிறது. எல்லோரும் பொட்டலத்தைப் பிரித்துப் பலகாரத்தைத் தாங்களே தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அடுத்த நீட்டிப்பில் கடிதமும் சேதியும் பண்டம்தான் என்று சேர்த்தார்கள். அதற்கடுத்து, அக்கரையைப் பார்த்த ஜன்னல்களை அடைக்கச் சொன்னார்கள். தடையைக் காவல் காக்க ஓர் இலாகா, அந்த இலாகாவுக்கு ஒரு மாளிகை, அந்த மாளிகைக்கு ஒரு வரி. வரி, அக்கரையில் உறவு உள்ளவர்களுக்கு மட்டும்.

அந்த வருடம் துறையில் கூட்டம் பாதியானது. கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனாள்.

"தாயி, உக்காரலயா?"

"எனக்கு அக்கரையில யாரும் இல்லன்னு கைநாட்டு வச்சிட்டேண்ணே. எங்கிட்ட பேசாதீங்க."

பிறகு வந்த கெடு நாட்களில் சடையன் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான். படகுகள் கவிழ்ந்தபடி வெயிலில் வெடித்துக் கிடந்தன. அவன் வரி கட்டினான். முடிச்சைத் தொடாமல், கூடுதலாகக் கல் உடைத்துக் கட்டினான். பேச ஆளில்லாமல், துறையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த இலாகா கண்காணிப்பாளர் ஏகாம்பரநாதரிடமே மகளுக்குத் தர வேண்டிய கடனைச் சொல்லி ஒருமுறை பேச்சுக் கொடுத்தான்.

"ஐயா, அக்கரையில அறுப்பு நடக்குதுங்க. சண்ட நடந்தா யாரு அறுப்பாங்க?"

"அறுவடை என்பது படைக்குத் தானியம் சேர்க்கிற வேலை. அபாயம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்."

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நம்ம அரமனை விருந்துல ஒண்ணா உக்காந்து சாப்ட்டாங்கன்னு சமையக்காரரு சொல்றாரு."

"அது ராஜதந்திரம். அந்த விருந்து இலையைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் மன்னர் நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டார்."

"சண்ட தீந்துபோச்சுங்களே?"

"தீர்ந்திருந்தால் ஏனப்பா நீட்டிக்கப் போகிறோம்? யோசித்துப் பேசு."

சடையன் யோசித்தான். யோசித்துக்கொண்டே கல் உடைக்கப் போனான்.

பத்தாம் கெடு நாளை அரசு விழாவாகக் கொண்டாடியது. துறையில் தோரணம் கட்டியிருந்தார்கள். நீட்டிப்போடு ஒரு சலுகையும் வந்தது. மஞ்சநாட்டாருக்குக் கருங்கரைக் குடிகள் பட்ட கடன் அத்தனையும் மன்னரின் கருணையால் தள்ளுபடி.

கண்காணிப்பாளர் எழுந்தே வந்தார். "சடையா, நீ கொடுத்து வைத்தவன். இனி மகளுக்கு நீ ஒரு காசு தர வேண்டியதில்லை."

"நான் தள்ளுபடி கேக்கலீங்களே."

"கேட்காமல் கொடுப்பதுதான் கருணை. சரி, மடியில் இருப்பதை எடு."

"எதுக்குங்க?"

"அது கடனுக்கென்று வைத்த பணம். கடன் இல்லையென்றால் பணத்துக்கு உடையவர் இல்லை. உடையவர் இல்லாதது கஜானாவுக்கு."

சடையன் முடிச்சை அவிழ்க்க நேரமாயிற்று. அத்தனை வருட வியர்வையில் துணி இறுகிப் போயிருந்தது. கண்காணிப்பாளர் பொறுமையாக நின்றார்.

"இனிமேல் நீ இந்த வெயிலில் வந்து உட்கார வேண்டாம். கடனோடு உறவும் தீர்ந்ததால் வரியும் இல்லை. கணக்கு முடிந்தது."

"எம்மவளுக்கு இது தெரியணுமேங்க. அப்பன் ஏமாத்திட்டான்னு நெனச்சிரும்."

"சொல்லலாம்தான். ஆனால் சேதி பண்டமாயிற்றே, அதற்குத் தடை இருக்கிறது" என்றார் அவர் வருத்தத்தோடு. பிறகு ரசீதில், பணம் பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், அரசு முத்திரையைக் குத்தினார்.