பூசணிக்காய்க்குத் தலைக்காயம்

அன்று பெருமுக்கல் மலை அடிவாரத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு எவனும் ‘நான் அங்கே இல்லை’ என்று நழுவக் கூடாது. என் தம்பி தாண்டவராயன். அவன் மகன் திருமுருகன். மருமகள் கலைமதி. அவள் மடியில் அவர்களுடைய நான்கு வயது மகன் இனியவன். தகவல் கேட்டு விழுப்புரத்திலிருந்து காரில் வந்து சேர்ந்த நான். தலையில் அடிபட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் பாதித் திண்டிவனம். பந்தலுக்கு நடுவே, கண்ணை மூடியபடி, உச்சிச்சாமி.

சாமியின் சொந்தப் பெயர் துரைக்கண்ணு. போன வருஷம் வரை மாட்டுத் தரகர். மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொன்னவருக்கு இப்போது மனிதர்களின் மண்டைக்குள்ளேயே பார்வை போகிறதாம்! பிள்ளையின் தலையைச் சிவப்புத் துணியால் மூட வேண்டும். சாமி அதன்மேல் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார். ‘கெட்ட ரத்தம்’ கட்டியாக வரும். தட்டில் துப்புவார். மாடியிலிருந்து விழுந்தவன், ஊஞ்சலிலிருந்து விழுந்தவள், எல்லோருக்கும் ஒரே குழல். ஸ்கேன் மெஷினைக் கண்டுபிடித்தவன் பாவம், இவரைக் கேட்காமல் வீணாகப் படித்துவிட்டான்.

இனியவன் விழுந்தது காலையில். திருமுருகன் அவனை ஹெல்மெட் இல்லாமல் பைக்கின் பெட்ரோல் டேங்க்மேல் உட்கார வைத்து மரக்காணம் சாலையில் போயிருக்கிறான். வேகத்தடையில் வண்டி குதித்தது. பிள்ளை தலைகுப்புறத் தார்ரோட்டில் விழுந்தான். அழுதான், பிஸ்கட் தின்றான், ஓடி விளையாடினான். எல்லோருக்கும் நிம்மதி. மதியம் வாந்தி எடுத்தான், மறுபடியும் எடுத்தான். பிறகு சோர்ந்து சாய்ந்துவிட்டான்.

“மாமா, கூப்புட்டா கண்ணையே தொறக்க மாட்டேன்றான். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்” என்றாள் கலைமதி.

“போனா போலீஸ் வரும். பெத்த அப்பனே புள்ளயக் கீழ போட்டான்னு எழுதுவான். நம்ம குடும்ப மானம் இன்னா ஆவறது?” என்றான் தம்பி. “சாமி எடுத்துட்டா ஜல்தியா வூட்டுக்குப் போயிடலாம்.”

“மானத்துக்காகப் புள்ளய வுட்டுடலாம்ன்றியா? எழுந்திருங்கடா!” என்றேன்.

“ஒரே ஒரு தபா, பெரியப்பா. நம்ம முறை வந்துடுச்சு” என்று கெஞ்சினான் திருமுருகன்.

“பாதியில எழுந்தா சாமி குத்தம்!” என்று கூட்டம் வழியை அடைத்தது.

கலைமதி வாதாடவில்லை. பிள்ளையை என் தோளில் போட்டாள். காணிக்கைக் குவியலிலிருந்து ஒரு பூசணிக்காயை எடுத்து மடியில் வைத்து, சிவப்புத் துணியால் மூடினாள். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். சாமி கண்ணைத் திறக்கவில்லை. ஞானப் பார்வைக்குக் கண் எதற்கு?

குழலை வைத்தார். உறிஞ்சினார். உடம்பை உலுக்கினார். தட்டில் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி விழுந்தது.

“பெரிய கட்டிம்மா! புள்ள பொழைச்சிக்கினான்!”

கலைமதி துணியை உருவினாள்.

“சாமி, பூசணிக்கா எந்த வண்டிலேர்ந்து வுழுந்துச்சு?” என்றது வரிசையில் ஒரு குரல். சிரிப்பு வெடித்தது. பிள்ளையோடு காத்திருந்த ஒரு பெண் துரைக்கண்ணுவின் தாடையைப் பிடித்து, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் வாயைத் திறந்தாள். கன்னத்துக்குள் அவித்த பீட்ரூட்!

கூட்டம் விலகியது. காரை விரட்டினோம். திண்டிவனத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. உடனே விழுப்புரத்தில் அறுவை சிகிச்சை.

“வுழுந்ததும் ஓடி ஆடினா ஒண்ணுமில்லன்னு நெனைக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம்” என்றார் டாக்டர்.

பிழைத்தான். வலது கை இன்னும் டம்ளரைப் பிடிக்கத் தடுமாறுகிறது. முழுதாகத் தேறுமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. போலீஸும் வந்தது. நடந்ததை நடந்தபடி திருமுருகன் சொன்னான். எங்கள் மானம் எங்கேயும் போகவில்லை.

இப்போது ஊரில் புதிய பேச்சு. சாமி உண்மையானவர்தானாம். பிள்ளையைப் பிடித்த காத்து கருப்பு பூசணிக்காய்க்குள் இறங்கியதால்தான் அதிலிருந்து ரத்தம் வந்ததாம். பொய். எதுவும் இறங்கவில்லை. அந்தக் காயை அங்கேயே அறுத்துப் பார்த்தார்கள், விதையும் சதையும்தான் இருந்தன. தலை இருப்பது யோசிக்க. வண்டியில் ஏறினால் ஹெல்மெட் மாட்ட. குழல் வைக்க அல்ல.