கண்ணாடி ஏற்றிய காரில் கத்திரி வெயில் ஆலோசனை

திருத்தணியில் முருகன் கிடைப்பார், மொட்டை கிடைக்கும், கை காட்டினால் திருப்பதிக்கு பஸ் கிடைக்கும் (ஹாரன் சத்தம் இலவசம்). அமைதி மட்டும் கிடைக்காது. மைக்கை நம்பிப் பிழைக்க நினைக்கிறவன் குடியிருக்கக் கூடாத ஊர் என்று ஒன்று உண்டென்றால், அது எங்கள் ஊர்தான். இது நன்றாகத் தெரிந்தும் சென்னை வேலையை விட்டுவிட்டு இங்கே பாட்காஸ்ட் தயாரிக்க உட்கார்ந்தவன் நான். என் புத்திசாலித்தனத்துக்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. இருந்தாலும் தருகிறேன்.

திருவாலங்காட்டில் கரும்பு போடுகிற என் மாமனாருக்கு இந்தத் தொழிலை விளக்கப் பார்த்தேன்.

"ரேடியோ மாதிரி மாமா. ஆனா ரேடியோ இல்ல. ஃபோன்ல கேக்குறது."

"ஃபோன்ல பேசறதுக்கா வேலைய வுட்டீங்க?"

"நான் பேச மாட்டேன் மாமா. மத்தவங்களைப் பேச வச்சு பதிவு பண்ணுவேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கல்யாண வீட்டுல நாலு பேரு மாப்ள இன்னா பண்றாருன்னு கேட்டா, நான் இன்னான்னு சொல்றது மாப்ள?"



முதல் வேலை ஒரு கலாசார சபாவுக்கு. வயதான நாதஸ்வரக் கலைஞர் ஒருவரின் பேட்டி. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவர் வீடு. கேட்டுவிட்டுச் சபா செயலாளர் சொன்னார்: "அரக்கோணம் வண்டி எந்த பிளாட்பாரம்னு தெளிவா தெரியுது சார். ஐயா இன்னா சொல்றாருன்னுதான் தெரியல." பதிவு திரும்பி வந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சத்தம் என்றால் பைத்தியம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஃபேனை நிறுத்துவேன். பிறகுதான் வணக்கம் சொல்வேன்.

இரண்டாவது வாய்ப்பு ஒரு சுகாதார அறக்கட்டளையிடமிருந்து வந்தது. வயல் வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பன்னிரண்டு பகுதிகள். முதல் பகுதியை மாதிரிக்குச் செய்து காட்ட வேண்டும். பிடித்தால் மீதியும் எனக்கே. தலைப்பு: 'கத்திரி வெயிலில் மயங்கி விழாமல் இருப்பது எப்படி.'

என் மனைவி மஞ்சுளா முன்கூட்டியே தீர்ப்பு சொல்லிவிட்டாள். "இதுவும் போச்சுன்னா, ஒழுங்கா காலைல ட்ரெயின புடிச்சு பழைய ஆபீசுக்கே போயிடுங்க. எங்க நைனாவுக்கு என்னால பதில் சொல்லிகினு இருக்க முடியாது."

எனவே எதிலும் குறை வைக்கவில்லை. பதிவு நாளன்று காலையில் மலைப் படிகள் அத்தனையும் ஏறி, மைக்குக்கு அர்ச்சனை செய்து, அதன் நெற்றியில் (மைக்குக்கு நெற்றி எது என்பது அர்ச்சகருக்கே குழப்பம்தான்) விபூதி பூசிக் கொண்டுவந்தேன். வழியில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பதிவின் நடுவே எழுந்து போக வேண்டி வந்தால்? பாலியஸ்டர் முழுக்கைச் சட்டை போட்டுக் கழுத்துவரை பட்டன் மாட்டினேன். "காதால கேக்குறதுக்கு எதுக்குங்க இந்தச் சட்டை?" என்றாள் மஞ்சுளா. தொழில் பக்தி அவளுக்கு எங்கே புரியப்போகிறது.

எங்கள் வீடு திருப்பதி ரோட்டை ஒட்டியது. வீட்டுக்குள் பதிவு செய்ய வழியே இல்லை. அதனால் மஞ்சுளாவின் தம்பி பாபுவின் பழைய காரைக் கேட்டு வாங்கி வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினேன். அவற்றின்மேல் கல்யாணத்துக்குச் சீராக வந்த கனத்த பஞ்சுப் போர்வைகளான ரஜாய்களை உள்பக்கமாகத் தொங்கவிட்டேன். ஏ.சி. போட்டால் இரைச்சல், எனவே அது கிடையாது. பாபு உள்ளே தலையை நீட்டிப் பார்த்தான்.

"பாவா, இதுல முட்டை வச்சா குஞ்சே பொரிச்சிடும்."

"போடா. மௌனம் எப்படி இருக்கு பாரு."

பதினொன்றரை மணிக்கு டாக்டரம்மா வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், அறக்கட்டளையின் மருத்துவர். காரைப் பார்த்தார், ரஜாயைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா பேசணும்?"

"ஆங், டாக்டர். இருபதே நிமிஷம்."

அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மரியாதையாக வாங்கி என் காலடியில் வைத்தேன். "மூடி கரகரன்னு கேக்குது டாக்டர்."

பாபுவையும் மஞ்சுளாவையும் சத்தம் காட்டாமல் வெளியே நிற்கச் சொன்னேன். பதிவு தொடங்கியது. ஹெட்போன் காதில் ஏறியதும் நான் உலகை மறந்தேன்.

"மொதல்ல, காத்தோட்டம் இல்லாத எடத்துல ரொம்ப நேரம் இருக்கக் கூடாது" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு ரஜாயைப் பார்த்தபடி கொஞ்சம் நிறுத்தினார். அருமையான இடைவெளி என்று கட்டை விரலைக் காட்டினேன்.

"தாகம் எடுக்கிற வரைக்கும் காத்துகினு இருக்காம, அப்பப்போ தண்ணி குடிக்கணும்." இப்போது என் காலடியைப் பார்த்தார். மீண்டும் கட்டை விரல்.

"இறுக்கமான துணி போடாதீங்க. லூசா, காட்டன்ல போடுங்க." என் கழுத்துப் பட்டனையே பார்த்தார். என்ன ஒரு ஈடுபாடு என்று பூரித்தேன். அப்போது எனக்கு லேசாகக் குளிர்கூட எடுத்தது. உடம்பு பழகிவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

"அடுத்தது அறிகுறிங்க. தலை சுத்தும். நாக்கு குழறும். சம்பந்தா சம்பந்தமில்லாம பேசுவாங்க."

நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். 'இந்த அறிகுறி தெரிந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?' என்று தெளிவாகக் கேட்டதாகத்தான் இன்றும் எனக்கு நினைவு. பதிவில் இருப்பது வேறு:

"டாக்டர், கரும்புக்கு எத்தனை மணிக்கு மொட்டை அடிக்கலாம்?"

 உடனே டாக்டரின் குரல், கொஞ்சமும் பதறாமல்: "இப்ப நான் சொன்னேன் இல்ல, அது இதுதான். பாபு, கதவத் தொற."

மீதி நடந்ததை நான் பார்க்கவில்லை, பிறகு கேட்டேன். ரெக்கார்டர் நிற்கவே இல்லை. ஹெட்போனோடு என்னை வெளியே இழுத்தபோது அதுவும் ஒயரோடு என் பின்னாலேயே வந்துவிட்டது.

"நிழல்ல படுக்க வை. சட்டையைக் கழட்டு. கால தூக்கிப் புடி."

"ஐயோ, முழிக்க மாட்டேங்கிறாரே டாக்டர்." இது மஞ்சுளா.

"முழிப்பாரு. நெனவு வர்ற வரைக்கும் வாயில தண்ணி ஊத்தாதம்மா. துணிய நனைச்சு கழுத்துலயும் அக்குள்லயும் வை. நீ விசிறு பாபு."

"ரஜாயால விசிறட்டுமா டாக்டர்?"

"அத கண்ணுலயே காட்டாத."

சற்று நேரத்தில் என் குரல், பாதாளத்திலிருந்து வருவதுபோல்: "மைக்க நனைக்காதீங்க." அதற்கு மஞ்சுளா சொன்ன பதிலை மட்டும் பிறகு வெட்டிவிட்டேன்.

மாலை கட்டிலில் படுத்தபடி உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடித்துக்கொண்டே ரயில் நேரம் பார்த்தேன். பழைய ஆபீசில் என் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்தேன். அப்போது டாக்டரம்மா ஃபோன் செய்தார்.

"அந்தப் பதிவை ஒண்ணும் வெட்டாம அப்படியே அனுப்புங்க."

"டாக்டர், அது மானம் போற விஷயம்."

"நானும் எத்தனையோ வருஷமா வெயில்ல ஜாக்கிரதைன்னு சொல்லிகினு கீறேன். ஒருத்தர் காதுல வாங்கினது இல்ல. இத கேப்பாங்க."

அனுப்பும் முன் கேட்டுப் பார்த்தேன். அப்போதுதான், ஹெட்போன் மாட்டியும் வெயில் மயக்கத்தில் என் காதில் விழாத இன்னொன்று தெரிந்தது. பதிவு முழுக்கப் பின்னணியில் ஒரு கண்டக்டர் "திருப்பதி, திருப்பதி" என்று கூவிக்கொண்டே இருக்கிறார். டாக்டரம்மா ஏறி உட்கார்ந்ததுமே, எனக்குத் தெரியாமல் தன் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கிவைத்திருக்கிறார். அவர் பிழைத்தது அதனால்தான். அர்ச்சனை, ரஜாய், தாகம் எல்லாம் போட்டு நான் காப்பாற்றிய மௌனத்தில் திருப்பதி பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு பகுதிகளும் எனக்கே கிடைத்தன. நிபந்தனை ஒன்றுதான்: ஜன்னல் திறந்திருக்க வேண்டும். முதல் பகுதி பள்ளிப்பட்டுவரை ஃபோன் ஃபோனாகப் போனது. மார்க்கெட்டில் தக்காளி நிறுக்கிற அம்மா தராசை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டார்: "கரும்புக்கு மொட்டை அடிக்கக் கேட்டது நீதானே சாமி?" கண்டக்டரின் குரலை நிகழ்ச்சியின் தொடக்க இசை என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் திருத்துவதில்லை.

போன வைகாசியில் பள்ளிப்பட்டில் ஓர் உறவினர் கல்யாணம். பந்தியில் மாமனாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைக் காட்டி அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டார். "மாப்ள இன்னா பண்றாரு?"

நான் அப்பளத்துக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். மாமனார் தலை நிமிர்ந்து, கரும்பு விலை சொல்லுகிற அதே கம்பீரத்தோடு சொன்னார்:

"வெயில்ல மயங்கி வுழுவாரு. அத கேட்டு ஊரே உஷாரா கீது."

பிறகு பந்தி பரிமாறுகிறவர்கள் பக்கம் திரும்பினார். "அந்த ஃபேன இந்தப் பக்கம் திருப்புங்கப்பா. மாப்ள இங்கியே தொழில ஆரம்பிச்சிடப் போறாரு."

அன்று முதல் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. ஃபேனைத் திருப்பி வைக்கிறார்கள்.