தகட்டண்ணனும் மாமனார் கொடுத்த காற்றாடியும்

மதுரைக்குக் கரண்ட் வந்த கதையை யார் யாரோ எழுதிவிட்டார்கள். ஒருவர்கூடத் தகட்டண்ணன் பேரைச் சேர்க்கவில்லை. இது பெரிய அநியாயம். சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு வீடுகூட எரியாமல், ஒரு ஆள்கூடக் கருகாமல் மின்சாரம் குடியேறியதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு மனுஷன்தான் காரணம். அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. அவர் சம்சாரமே "தகட்டுக்காரரு இருக்காரா"ன்னு கேட்டு வந்தவர்களிடம் "இருக்காரு"ன்னு பதில் சொல்லும்போது நான் எதற்கு விசாரிக்க வேண்டும்?

முப்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு மின்சாரச் சாமான் வந்தாலும் முதலில் சாமிக்குக் காட்டுவார்கள். அடுத்தபடியாகத் தகட்டண்ணனுக்கு. சாமான்களின் முதுகிலோ அடிவயிற்றிலோ ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருக்குமல்லவா? அதில் வி., டபிள்யூ., ஏ.சி., டி.சி. என்று ஒற்றை ஒற்றை எழுத்தாய்ப் புள்ளி வைத்துப் பொறித்திருக்கும். வாங்கினவனுக்கும் புரியாது, விற்றவனுக்கும் புரியாது. அதைப் படித்துச் சொல்வதுதான் அண்ணனின் வேலை. வேலை என்றால் சம்பளத்துக்கு அல்ல. சம்பளத்துக்கு அவர் ஒரு பஞ்சாலையின் ஸ்டோரில் இருந்தார். இது அவர் தானே இழுத்துப் போட்டுக்கொண்ட உபகாரம்.

கறுப்புக் கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு வருவார். சட்டைப் பையில் பென்சில், இடது கையில் கெட்டி அட்டை நோட்டு, வலது கையில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளி. ஆம், புளிதான். ஷாக் அடிக்காமல் இருக்க வீட்டுப் பெண்கள் எல்லாரையும் மணைப்பலகை மேல் ஏறி நிற்கச் சொல்வார். சாமானைக் கவிழ்த்துப் போட்டுத் தகட்டைப் புளி வைத்துத் தேய்ப்பார். அது பளபளவென்று ஆனதும் மேலே ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசுவார். தகட்டில் இருக்கும் எழுத்தெல்லாம் அப்படியே காகிதத்தில் எழும்பி வரும். அதை நோட்டில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பார். அதுவரை காப்பி கொடுத்தாலும் குடிக்கமாட்டார்.

"வி.ன்னா தள்ளுற வேகம். ஏ.ன்னா ஓடுற அளவு. டபிள்யூ.ன்னா பசி" என்பார். இதைவிடத் தெளிவாக எந்தப் புரொபசரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்த வீட்டுப் பட்டுக்கடைக்காரர் ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கினார். அவர் வீட்டில் தங்களுக்குள் சௌராஷ்டிர பாஷை பேசிக்கொள்வார்கள். ஆனால் தகட்டண்ணன் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு அத்தனை பேரும் தமிழில்தான் அலறினார்கள். பெட்டியின் தகட்டில் 450 டபிள்யூ. என்று இருந்தது. அண்ணன் நாற்பது டபிள்யூ. பல்புக் கணக்கில் விரல் விட்டு எண்ணினார்.

"இந்தப் பொட்டி பதினோரு பல்பு திங்கும். இதப் போடணும்னா வீட்டுல இருக்குற அம்புட்டு வெளக்கையும் அமத்திரணும்."

"ஏண்ணே, சட்ட தேச்சு முடிக்கிற வரைக்கும் நாங்க இருட்டுலயா உக்காந்திருக்கணும்?" என்றார் கடைக்காரர் மனைவி.

"பகல்ல தேய்ங்கம்மா."

"நல்லாச் சொன்னீக! பகல்ல சட்ட அவரு மேலல்ல இருக்கு?"

அண்ணன் நோட்டை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். மனிதருடைய சட்டைக்கெல்லாம் தகடு பொறுப்பேற்காது என்பது அவர் கட்சி. அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குக் கடைக்காரர் வெற்று மேலோடு இருட்டில் உட்கார்ந்திருக்க, சமையற்கட்டு அகல் விளக்கு வெளிச்சத்தில் இஸ்திரி நடந்தது.

அவர் தப்பே பண்ணியதில்லை என்று நான் சொல்லமாட்டேன். சில சாமான்களில் 'பேட். பெண்ட்.' என்று போட்டிருக்கும். பேட்டண்ட் என்கிற உரிமைப் பட்டயம் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை என்பதற்கு அது சுருக்கம். ஆலையில் யாரோ அதை அப்படி வாசித்துக் காட்டப்போக, இவர் அது சீமையில் இருக்கும் ஒரு துரையின் பேர் என்று முடிவு கட்டிவிட்டார். அது பொறித்த சாமானைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். "பேட்பெண்டு துரை கை வச்சுப் பாத்த சாமான். கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்பார். நான் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. எனக்கு விஷயம் தெரியும். ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "இம்புட்டுச் சாமான்ல பேரு போட்டிருக்கே தம்பி, மனுவ வச்சுக்கிட்டு நிக்கிற ஆளா அவரு?" என்று என்னையே மடக்கினார். சரி, துரை நன்றாயிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். தலைப்பிரசவம் முடிந்து என் மனைவி கைக்குழந்தையோடு பங்குனியில் வீடு திரும்பினாள். கூடவே என் மாமனார் சீராக ஒரு மேஜைக் காற்றாடி அனுப்பியிருந்தார். அவருக்கு டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். பருத்தி விவசாயம். ஒரு வழக்குக்காக மெட்ராஸ் போனவர் அங்கே ஒரு வக்கீல் வீட்டில் இது சுற்றுவதைப் பார்த்துவிட்டு, பேத்திக்கு இது இல்லாமல் ஆகாது என்று வாங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் அண்டா கொடுப்பார்கள், குத்துவிளக்கு கொடுப்பார்கள். காற்றாடி கொடுத்த முதல் மாமனார் அவர்தான். அந்தப் பெருமை அவருக்கு எக்கச்சக்கம்.

தகட்டண்ணன் வந்தார். புளி போட்டுத் தேய்த்தார். காகிதத்தை உரசினார். அப்புறம் வயரைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"தம்பி, இத இங்க போடாதீங்க. இது ஏ.சி. நம்ம தெருவுல ஓடுறது டி.சி. போட்டீங்கன்னா உள்ளுக்குள்ள கம்பியெல்லாம் வெந்துபோகும்."

அப்போது நிலைமை அப்படித்தான். ஆற்றுக்கு வடக்கே கோரிப்பாளையம் பக்கம் ஏ.சி. வந்திருந்தது. தெற்கே எங்கள் தெருவில் பழைய டி.சி. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. ஆகவே மாமனார் சீரை என் மனைவியின் பழைய சேலையில் மூட்டையாகக் கட்டிப் பெட்டி மேல் வைத்தோம். "மாமா, உங்கள் சீர் இங்கே சுற்றாது" என்று கடிதம் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. என் மனைவி ஓலை விசிறியால் விசிறி விசிறிக் கை வலித்துக் கிடந்தாள். பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் மாமனார் வந்து இறங்கினார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது பேத்தி முதுகு. இரண்டாவது மூட்டை.

"என்னத்தா இது?"

"காத்தாடி அய்யா" என்றாள் என் மனைவி.

"காத்தாடியா? பொணத்தக் கட்டுற மாதிரி கட்டி வச்சிருக்கீக?"

நான் ஏ.சி., டி.சி. என்று ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. "மாப்ள, எனக்கு ஒண்ணுந்தான் தெரியும். மெட்ராஸ்ல சுத்துச்சு. இங்க சுத்தணும். சுத்துனா எம்மக இங்க இருக்கும். சுத்தலைன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் பொழுதுக்குள்ள கெளம்பிருவேன். ஊர்ல வேப்ப மரத்துக் காத்தாவது இருக்கு" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. மகளைப் பார்த்துத் துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். ஐந்து மாதம் கழித்து இப்போதுதான் பெண்டாட்டியையும் பிள்ளையையும் வீட்டில் பார்க்கிறேன்.

மாமனார் மூட்டையைப் பிரித்துக் காற்றாடியை மேஜை மேல் வைத்தார். நானும் கோழை. ஒருமுறை போட்டுத்தான் பார்ப்போமே என்று நினைத்துவிட்டேன். வயரை எடுத்துக்கொண்டு நான் பிளக் பக்கம் போவதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ பார்த்துச் சேதி சொல்லியிருக்கிறார்கள். தகட்டண்ணன் கோட்டில் கையை நுழைத்துக்கொண்டே ஓடி வந்தார். வயரை என் கையிலிருந்து பிடுங்கி, பிளக்குக்கு அடியில் மணையைப் போட்டு அதன் மேல் சம்மணம் கொட்டி உட்கார்ந்துவிட்டார்.

"போடணும்னா என் தல மேல கால வச்சுத் தாண்டிப் போயிப் போடுங்க."

"யாருய்யா நீ?" என்றார் மாமனார்.

"தகடு பாக்குறவன். இதுக்கு வேண்டியது போயிப் போயி வர்ற கரண்டு. இங்க இருக்குறது ஒரே பக்கமாப் போற கரண்டு."

"போனது திரும்பி வருமா? எங்கூருக்குப் போன பஸ்ஸே வாரதில்ல!"

வாசலில் கூடியிருந்த தெரு சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. காற்றாடியோடு வந்த அச்சடித்த தாளை மடியிலிருந்து எடுத்தார். மெட்ராசிலிருந்து பத்திரமாய் வைத்திருக்கிறார். "இதுல எல்லாம் போட்டிருக்குன்னு கடைக்காரன் சொன்னான். மாப்ள வாசிக்க வேணாம், அவரு ஒங்க பக்கம். எல்லாம் தெரிஞ்ச ஆளு நீரு, நீரே வாசியும்" என்று அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் தாளை வாங்கினார். பார்த்தார். கோட்டுப் பையில் கை விட்டு எதையோ தேடுவது மாதிரித் தேடினார். எதையாவது வாய்க்கு வந்ததை வாசித்திருக்கலாம். மாமனாருக்கா தெரியப்போகிறது? ஆனால் அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எனக்கு வாசிக்க வராதுங்கய்யா" என்றார். "ஆலையில பொட்டி எறக்கி அடுக்குறவன் நான். பொட்டி மேல இருக்குற எழுத்த ஒண்ணொண்ணா ஃபிட்டர்கிட்டக் கேட்டுக் கேட்டு மனசுல ஏத்திக்கிட்டேன். எழுத்துத் தெரியும். வார்த்த தெரியாது. ஆனா இந்த ரெண்டு எழுத்து எனக்கு நல்லாத் தெரியும். இதப் போட்டா எரிஞ்சுபோகும். பச்சப்பிள்ள இருக்குற வீடு."

வாசலில் ஒருத்தன் கெக்கெக்கென்று சிரித்தான். அவனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. தெருவே ஸ்டோர் குமாஸ்தா என்று நினைத்திருந்த மனுஷர், அத்தனை பேர் முன்னால் தன் கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் வயரை மட்டும் விடவில்லை.

மாமனார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு அந்த ரெண்டு எழுத்துங்கூடத் தெரியாதய்யா" என்றார் மெதுவாக. "சரி, இது எங்கதான் சுத்தும்? அங்க கூட்டிட்டுப் போம், பாப்போம்."

ஜட்கா வந்தது. மாமனார் மடியில் காற்றாடி, தகட்டண்ணன் மடியில் நோட்டு, எனக்குக் கால் வைக்கவும் இடமில்லை. பாலத்தைத் தாண்டிக் கோரிப்பாளையத்தில் வெங்காய மண்டி பாய் வீட்டில் போய் இறங்கினோம். பாய் முன்பு எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தவர். வீடு கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப்புறம் போய்விட்டார்.

"வாங்க, வாங்க! யாரு, தகட்டண்ணனா! உக்காருங்க, சர்பத்து கொண்டாரச் சொல்றேன்" என்றார் பாய்.

அண்ணன் சர்பத்தைத் தொடவில்லை. வயரைச் செருகினார். காற்றாடி ஒரு முனகல் முனகி, வேகம் எடுத்து, கும்மென்று சுற்றியது. மாமனார் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு அதன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "மெட்ராஸ்ல வந்த அதே காத்து" என்றார். அப்புறம் முகம் வாடிவிட்டது. "எம்பேத்திக்குக் கெடைக்கலையே."

தகட்டண்ணன் அப்போதுதான் நோட்டைப் புரட்டினார். ஒரு பழைய தாளைக் காட்டினார். பென்சில் உரசலில் வெள்ளை வெள்ளையாய் எழும்பிய எழுத்து. டி.சி.

"இது பாயோட காத்தாடி. நம்ம பக்கம் குடியிருக்கும்போது வாங்குனது. இங்க ஆகாதுன்னு நாந்தான் கட்டி வைக்கச் சொன்னேன். இப்பப் பரண் மேல கெடக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அண்ணே! இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? எங்கிட்டச் சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே! ஒரு மாசமா எம்பிள்ள வேர்க்குருவுல கெடக்கே!"

"மாத்தியிருப்பீங்கன்னுதான் தம்பி சொல்லல. மாமனாரு செஞ்ச சீர அடுத்த வீட்டுக்குக் குடுக்கலாமா? நாள பின்ன அவரு வந்து என் சீர் எங்கன்னு கேட்டா, வீட்டுல இருக்குற பொண்ணுக்கல்ல தல குனிவு? அத மாத்தச் சொல்ற பாத்தியதை அவருக்கு மட்டுந்தான் இருக்கு."

மாமனார் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அப்புறம் பாயைப் பார்த்தார்.

"என் காத்தாடி உங்க வீட்டுல சுத்தட்டும். உங்க காத்தாடி எம்பேத்திக்குச் சுத்தட்டும். சம்மதமா?"

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குற மாதிரியா?" பாய் சிரித்தார். "அப்ப நாம சம்பந்தியாயிட்டோம். மொதல்ல சர்பத்தக் குடிங்க சம்பந்தி!"

பொழுது சாய்வதற்குள் பாயின் காற்றாடி எங்கள் வீட்டு மேஜையில் இருந்தது. அண்ணன் கையாலேயே செருகச் சொன்னார் மாமனார். அது கடகடவென்று கொஞ்சம் சத்தம் போட்டது. ஆனாலும் சுற்றியது. குழந்தை இரண்டு தடவை சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனது. எடுத்து வைத்த துணிமணியை என் மனைவி மறுபடி பெட்டிக்குள் அடுக்கினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கமென்ன, சந்தோஷந்தான்.

தகட்டண்ணன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வாசல் பக்கம் நகர்ந்தார். மத்தியானம் சொன்னதை நினைத்துக் கூசுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"அண்ணே, எங்க போறீக? காத்துல வந்து உக்காருங்க" என்றாள் என் மனைவி. மாமனார் தன் பக்கத்தில் ஜமக்காளத்தைத் தட்டிக் காட்டினார்.

அவர் தயங்கித் தயங்கி வந்து காற்றாடிக்கு முன்னால் உட்கார்ந்தார். கோட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தகடு இருப்பது பின்பக்கத்தில். ஊரிலுள்ள காற்றாடிகளையெல்லாம் அந்த மனுஷன் பின்னால் நின்றுதான் பார்த்திருக்கிறார். முன்னால் வந்து உட்காருங்கள் என்று எங்களில் ஒருத்தரும் அதுவரை சொன்னதில்லை.

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். நான் காற்றாடியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.