ஜட்காக்காரியும் அம்மா பார்த்த சகுனமும்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜட்காக்காரியைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை.

ஐம்பதுகளில் திண்டுக்கல் ரயிலடியில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் ஒருவரும் இல்லை. அவள் அதட்டினால் பக்கத்து வண்டிக் குதிரையும் சேர்ந்து நடக்கும். புருஷன் செத்த பதினேழாம் நாள் அவனுடைய காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, வாயில் சுருட்டோடு வண்டியேறி உட்கார்ந்தவள். மற்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள்.

"சிரிங்கப்பு. என் குதிரைக்குப் புல்லு நீங்களா போடுவீங்க?" என்றாளாம்.

தாடிக்கொம்பு கோயிலுக்குக் கிளம்பிய பெரியவர் ஒருவர், தாலியறுத்தவள் முகத்தில் விழித்துவிட்டுப் போவதா என்று தயங்கினார்.

"நான் முன்னாடி உக்காந்து முதுகைத்தானய்யா காட்டுறேன். முதுகுல எங்க தாலி தொங்கும்? ஏறுங்க."

ஏறிவிட்டார்.

என் அம்மா அப்படி ஏறுகிறவள் அல்ல. என் மனைவிக்குத் தலைப்பிரசவம். ஒரு நாள் முழுக்க வலித்தும் பிள்ளை இறங்கவில்லை. காலையில் மருத்துவச்சி கையை விரித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றாள். தெருமுனையில் நின்றது ஜட்காக்காரியின் வண்டி ஒன்றுதான்.

"அறுத்தவ வண்டியில என் பேரப்பிள்ளை போகக் கூடாது. செத்த பொறு, வேற வண்டி வரும்" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவியின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

ஜட்காக்காரி சுருட்டை வீசிவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"ஏலே, நீ அவ புருஷனா, இல்ல இந்த வீட்டுத் தூணா?"

பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளே போய் என் மனைவியை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு வந்தாள். அம்மா குறுக்கே நின்றாள்.

"நகருங்கம்மா. இல்லன்னா திரும்பி வந்து உங்களையும் தூக்குவேன்."

அந்தக் குதிரை அம்புட்டு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. மனைவி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. அம்மா தெருவெல்லாம் ஜட்காக்காரியைத்தான் வைதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளையை இடுகாட்டுக்குக் கொண்டுபோக வண்டி வேண்டியிருந்தது. அந்தக் காரியத்துக்கு ஜட்காக்காரியின் வண்டி ஆகும் என்று அம்மாவே ஆள் அனுப்பினாள். அவள் குதிரைக் கழுத்துச் சலங்கையை அவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.