காடு காட்டும் அப்பா

திருவண்ணாமலையில் மயில் உண்டு, மான் உண்டு, குரங்கு வேண்டிய மட்டும் உண்டு. இவற்றோடு கொஞ்ச காலமாகப் பெருகி வரும் இன்னொரு உயிரினத்தையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மலையோரத்தில் தென்படும். தலையில் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், முதுகுப் பையில் பூதக்கண்ணாடி, கையில் அரைத் தூக்கத்தில் ஒரு குழந்தை. இதற்குக் காடு காட்டும் அப்பா என்று பெயர்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடியேறியிருக்கும் செழியனை எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்க வேலை, எழிலரசி என்று ஒரு மனைவி, அறிவுமதி என்று ஆறு வயதில் ஒரு மகள். பள்ளிக்கூடம் பிள்ளையைக் கெடுக்கிறது, செல்போன் அதைவிடக் கெடுக்கிறது, இயற்கைதான் உண்மையான வாத்தியார், அப்பா என்பவர் ஓரமாக நின்று கைதட்ட வேண்டிய ஆள் மட்டுமே என்று ஒன்றரை வருடமாக அலுவலகத்து டீக்கடையில் சொல்லி வருகிறார். டீ ஆறிவிடுகிறது. அவர் ஆறுவதில்லை. மகளுக்கு அவர் உபதேசித்த மந்திரம் ஒன்றுதான்: "நான் சொல்ல மாட்டேன். நீயே கண்டுபிடி."

சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் பாடத்திட்டம் உண்டு. ஒரு வாரம் விதை, ஒரு வாரம் நத்தை ஓடு, ஒரு வாரம் இறகு. விதை வாரத்தில் வேலியோரம் ஓர் ஆடு குட்டி போட்டுக்கொண்டிருந்தது. குழந்தை வாயைப் பிளந்து நின்றுவிட்டது. அதெல்லாம் அடுத்த மாதம் என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துப்போய், ஒரு புங்கங்காய்க்கு முன்னால் நிறுத்தினார். சாணி உருட்டும் வண்டு, சாரை சாரையாக எறும்பு, திடீரென்று குறுக்கே ஓடுகிற கீரி எல்லாம் அவருக்குப் பெரிய இடைஞ்சல். பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் நடையே ரத்து. அன்று மலையைச் சுற்றி மனுஷ நடமாட்டம் ஜாஸ்தி.

ஆனால் இயற்கை, வரச்சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற ஆசாமியா என்ன? முதல் நான்கு வாரமும் அறிவுமதி கண்டுபிடித்தது சோடா மூடியும் ஒற்றைச் செருப்பும்தான். செழியன் யோசித்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தனியாகக் கிளம்பிப் போனார். கோயில் பக்கத்துக் கடையில் வாங்கிய மயிலிறகை, கண்ணும் நாலு விரல் காம்பும் மட்டும் மிஞ்சும்படி கத்தரிக்கோலால் வெட்டி, ஏரிக்கரை வேப்பமரத்தடிப் புல்லில் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் குழந்தை ஓடிப்போய் எடுத்தது. குதித்தது. அவர் கைதட்டின தட்டில் மரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பிவிட்டன.

அதற்கப்புறம் எல்லா வாரமும் இறகு வாரம்தான்; சனிக்கிழமை தவறியதே இல்லை. வாரா வாரம் மலைப்பக்கம் தனியாகப் போகிற புருஷனுக்குப் பக்தி வந்துவிட்டது என்று எழிலரசி கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தன் அம்மாவுக்கு போன் போட்டுச் சந்தோஷப்பட்டாள். அவர் மறுக்கவில்லை. வீடு திரும்பும்போது நெற்றியில் கொஞ்சம் விபூதி பூசிக்கொண்டார்.

கிடைத்த இறகுகளைக் குழந்தையின் நோட்டில் அவரே டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றின் அடியும் நேராக வெட்டுப்பட்டிருந்தது.

பக்கத்து மேசை ரியாசுதீன் மட்டும் இதை நம்பவில்லை. ஆறு வயதுப் பிள்ளை வாரா வாரம் தானாகவே கண்டுபிடிக்கிறதா, நானும் வந்து பார்க்கிறேன் என்று, செல்போனை விட்டுக் கண்ணை எடுக்காத தன் மகள் ஷாஹீனை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டார். ஒன்றரை வருடப் பேச்சும் அன்றைக்கு ஓர் இறகில் தொங்கியது. முந்தின நாள் ராத்திரி நல்ல காற்று.

வேப்பமரத்தடியில் இறகு இல்லை.

நான் சொல்ல மாட்டேன் என்றார் செழியன். கொஞ்ச நேரம் கழித்து, கொஞ்சம் இடது பக்கம் பார் என்றார். இன்னும் கொஞ்சம் இடது என்றார். காலை ஆறரை மணிக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரியாசுதீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஷாஹீன் கொட்டாவி விட்டாள். அறிவுமதி புல்லை விலக்கிப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் நோட்டு இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்தபோது கையில் மயிலிறகு. குதித்தாள்.

"எங்க ஷாஹீன் கண்ணுக்கு இதெல்லாம் படவே மாட்டேங்குதே சார்" என்றார் ரியாசுதீன், நிஜமான வருத்தத்தோடு.

செழியன் கைதட்டினார். பாதித் தட்டில் கை நின்றுவிட்டது. இறகின் காம்பில் போன மாதம் அவரே ஒட்டிய டேப் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது வண்டியில் முன்னால் நின்றிருந்த மகளிடம், எப்போதிலிருந்து தெரியும் என்று மெல்லக் கேட்டார். முதல் வாட்டியே தெரியும் என்றாள். அப்புறம் ஏன் குதித்தாய் என்றார்.

"எடுத்தா நீ கைதட்டுறியேப்பா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "மேல ஒரு கல்லு வெச்சிடுப்பா. காத்துல போயிடுது" என்றாள்.

மனுஷனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் கிளம்பினார். வாசலிலேயே ஒரு கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் போன வாரம் நீங்கள் எதையோ காட்டியபோது உங்கள் பிள்ளை கண்ணை அகல விரித்து "ஐ!" என்று துள்ளியதே, அது நீங்கள் காட்டியதைப் பார்த்தா, உங்களைப் பார்த்தா? எதற்கும் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடும்.