முக்குழல் ஜெர்மனி போன கதை

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் கைப்பேசியைத் திறந்த பெலிக்ஸ், வந்திருந்த மின்னஞ்சலை மூன்று முறை படித்தார். மூன்று முறையும் அது அதையே சொன்னது.

'தவிர்க்க முடியாத காரணங்களால் தங்கள் குழுவின் ஜெர்மனி கச்சேரிப் பயணம் ரத்து செய்யப்படுகிறது. வருந்துகிறோம். ஆயினும் தாங்கள் தொடர்ந்து வாசித்து வர வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, ரைன் நதித் தமிழ்க் கலை மன்றம்.'

கல்யாணத்தை நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை மட்டும் தினமும் தலை சீவிக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்புகிறவர்களை என்னவென்று திட்டுவது?

'முக்குழல்' குழு என்பது மூன்றே பேர். பெலிக்ஸ் கிளாரினெட், தனுஷ்கோடி சாக்ஸபோன், சமுத்திரம் புல்லாங்குழல். முதல் இருவரும் ராஜபாளையத்து நூல் மில்லில் ஒரே ஷிப்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சமுத்திரம் நாற்பது வயதுக்காரன், பிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடைக்குச் சொந்தக்காரன். பெலிக்ஸின் மனைவி பியூலா இறந்த அன்று கிளாரினெட் பெட்டி பரணுக்குப் போனது. அதோடு குழுவும் படுத்துவிட்டது. ஒன்றரை வருஷம் யார் கூப்பிட்டும் பெலிக்ஸ் அசையவில்லை. மார்ச் மாதம் ஜெர்மனியிலிருந்து மின்னஞ்சலில் அழைப்பு வந்தது. 'மூவரும் சேர்ந்து வந்தால் மட்டுமே' என்று அதில் எழுதியிருந்தது. தன்னால் மற்ற இருவருக்கும் கெட்டுப்போக வேண்டாமே என்றுதான் அவர் பெட்டியை இறக்கினார்.

ஆனால் இப்போது அவருடைய கவலை கிளாரினெட் இல்லை. தனுஷ்கோடியின் இதயம் பாதி வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷன் இன்னும் எழுந்து நடமாடுவதே ஜெர்மனியை நம்பித்தான் என்று பெலிக்ஸ் நினைத்தார். ரத்து என்று சொன்னால், சொன்ன இடத்திலேயே அவர் உட்கார்ந்துவிடுவார்.

சொல்லித்தான் ஆகவேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் தனுஷ்கோடி வீட்டுப் படியேறினார். வாசலிலேயே தனுஷ்கோடியின் மனைவி இசக்கியம்மாள் சிரித்த முகமாக நின்றாள்.

"வாங்க தம்பி. நீங்க வாரீகன்னு சொன்னதும் இன்னைக்கு மூணு இட்லி சாப்பிட்டாக!"

மூணு இட்லி. பெலிக்ஸ் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

உள்ளே நாற்காலியில் இருந்த தனுஷ்கோடி, அவர் உட்காருவதற்குள் கேட்டுவிட்டார். "ஏலே பெலிக்ஸு, மெயில் எதும் வந்துச்சா?"

"இல்லண்ணாச்சி."

"நல்லாப் பாத்தியா? ஸ்பேம்னு ஒண்ணு இருக்காமே, அதுக்குள்ள கெடக்கப் போவுது."

"அதுலயும் பாத்துட்டேன் அண்ணாச்சி. ஒண்ணுமில்ல."

தனுஷ்கோடி அவரையே உற்றுப் பார்த்தார். "இல்ல, இந்த ஃபாரின்காரன் திடீர்னு கேன்சல் பண்ணிருவான்னு சொல்லுதாங்க. அப்படி ஆனா நாம ஒண்ணும் மனசு ஒடிஞ்சிரக் கூடாது, என்ன?"

பாவம், எவ்வளவு பயந்துபோய் இருக்கிறார் என்று பெலிக்ஸுக்குத் தோன்றியது. அந்தப் பயத்தை அடியோடு பிடுங்கிவிட வேண்டும் என்று நினைத்தவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"கேன்சலாவது ஒண்ணாவது! டிக்கெட்டே போட்டுட்டாங்க அண்ணாச்சி. ஜூலை பன்னெண்டாம் தேதி."

தனுஷ்கோடிக்குப் புரையேறியது. இசக்கியம்மாள் ஓடிவந்து தலையில் தட்டினாள்.

"டிக்கெட்டா?" என்றார், கண்ணில் தண்ணீரோடு. "யாருலே போட்டா?"

"மன்றத்துலருந்துதான்."

"மன்றத்துலருந்தா!" என்று தனுஷ்கோடி கூரையைப் பார்த்தார். ஆனந்தம் தாங்காமல் பார்க்கிறார் என்று பெலிக்ஸ் எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே செய்தி சமுத்திரத்தின் காதுக்குப் போய்விட்டது. பிளெக்ஸ் கடைக்காரனிடம் ஒரு நல்ல செய்தி போனால் அது செய்தியாகவே இருக்குமா? மறுநாள் காலையில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பத்தடிக்கு எட்டடி பிளெக்ஸ் போர்டில், மூன்று பேரும் குழலும் கையுமாக நின்றார்கள். தலைக்கு மேலே விமானம். பின்னால் ஈஃபில் கோபுரம்.

"ஏம்ப்பா, அது பாரிஸ்ல இருக்குறதுல்ல?" என்றார் பெலிக்ஸ்.

"ஃபாரின்னா அதாம்ணே எடுப்பா இருக்கும். ஜெர்மனின்னு தேடுனா வெறும் காராத்தான் வருது."

"அதை எறக்கிருப்பா. பெருமை அடிக்கிற மாதிரி இருக்கு."

"ஊருக்கே பெருமைண்ணே! வில்லிபுத்தூர்ல ரெண்டு வச்சிருக்கேன், கிருஷ்ணன்கோவில்ல ஒண்ணு."

புலிவாலைப் பிடித்தாகிவிட்டது. அடுத்த வாரம் பெலிக்ஸ் வீட்டுக்கு மூட்டைகள் வர ஆரம்பித்தன. வெளிநாடு போகிறவர் வீட்டுக்குப் பொட்டலம் கொடுத்தனுப்புவது இந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம். ஜெர்மனியில் பிள்ளை படிக்கிறவர்கள் பருப்புப்பொடி கொண்டுவந்தார்கள். முனீஸ்வரி டீச்சரின் மகன் இருப்பது லண்டனில். "அப்படியே போற வழியில குடுத்துருங்க சார்" என்று ஒரு பக்கெட் நார்த்தங்காய் ஊறுகாயைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பால்கோவா மட்டும் பதினோரு டப்பா. ஜூலை வரை தாங்காது என்று பெலிக்ஸ் சொல்லிப் பார்த்தார், "ஃபிரிட்ஜ் இருக்குல்லா?" என்று கேட்டார்கள். பியூலா இருந்தபோதுகூட அந்தக் குளிர்பெட்டி அவ்வளவு நிறைந்ததில்லை.

வாரத்தில் மூன்று நாள் ஒத்திகை நடந்தது. ஒத்திகை என்று வந்துவிட்டால் மட்டும் பொய் கிடையாது. தனுஷ்கோடி மூச்சை மிச்சம் பிடித்து அடித்தளமாக ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக் கொடுப்பார், மேலே புல்லாங்குழல் திரியும், நடுவில் கிளாரினெட் கல்யாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். அந்த ஒரு மணி நேரம் பெலிக்ஸுக்கு எதுவும் நினைவிருக்காது. முடிந்த பிறகுதான், இல்லாத கச்சேரிக்காக ஒரு நோயாளியை ஊத வைக்கிறோமே என்று உறுத்தும்.

ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்னாலும் அதே கேள்வி. "மெயில் வந்துச்சாலே?"

"இல்லண்ணாச்சி."

ஜூன் மாத வெயிலில் ஒருநாள் உள்ளே நுழைந்தவர் திடுக்கிட்டு நின்றார். தனுஷ்கோடி கழுத்துவரை மூடிய பச்சை ஸ்வெட்டரில் வியர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணாச்சி இது?"

"எல்லாருந்தான் போறோம் போறோங்காக. குளிரு பழக வேண்டாமா?" என்றவர் மெதுவாகக் கேட்டார். "நெசமாவே போறோமாலே?"

"போறோம் அண்ணாச்சி."

"சரி. அப்ப எனக்கு ஒண்ணு, உனக்கும் ஒண்ணு எடுத்துருக்கேன். போட்டுக்கோ."

அப்புறம் இரண்டு பேரும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து வாசித்தார்கள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. காபி கொண்டுவந்த மருமகள் சிவரஞ்சனி இருவரையும் பார்த்துவிட்டு, டம்ளர்களை வைத்த கையோடு திரும்பிப் போய்விட்டாள். கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண். சிரிப்பை அடக்கப் போகிறாள் என்று பெலிக்ஸ் நினைத்தார். அடுப்படியிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

இனித் தாங்காது என்று தோன்றியது. பயணத்தை நிறுத்தும் பாவத்தை வேறு யார் தலையிலாவது கட்டவேண்டும். பெலிக்ஸ் தனுஷ்கோடியின் இதய மருத்துவரைத் தேடிப் போனார்.

"டாக்டர், தனுஷ்கோடி அண்ணாச்சி பிளேன்ல போகக் கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிளேனா? மாடிப்படியே ஏறக் கூடாதுன்னு போன கிறிஸ்துமஸ் சமயத்துலயே அவர்கிட்டச் சொல்லிட்டேனே! இருக்கப் போறது கொஞ்ச நாள்னு அவருக்கே தெரியும். உங்ககிட்டச் சொல்லலியா?"

பெலிக்ஸ் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்ற வண்டியை எடுத்தார். ஆக, டாக்டர் தடுத்ததையும் மறைத்துவிட்டு, செத்தாலும் பரவாயில்லை என்று ஜெர்மனிக்குக் கிளம்பியிருக்கிறார் மனுஷன். அவ்வளவு ஆசை! இதை எந்த வாயால் ரத்து என்று சொல்வது?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. சொல்லவே கூடாது என்ற தீர்மானத்தோடு பெலிக்ஸ் வீடு திரும்பினார்.

ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை மில்லில் வழியனுப்பு விழா. பழைய ஷிப்டு ஆட்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மாலை, பொன்னாடை, ஒரு பெரிய சூட்கேஸ். பேசியவர்கள் எல்லோரும் 'கடல் கடந்து' என்ற வார்த்தையை இரண்டு தடவையாவது சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் பெலிக்ஸ் தலையைக் குனிந்தார். பக்கத்தில் தனுஷ்கோடியும் குனிந்ததை அவர் கவனித்தார். அடக்கமான மனுஷன்.

அதன் பிறகு வாசித்தார்கள். பெலிக்ஸ் அன்று வாசித்ததைப் போல வாழ்நாளில் வாசித்ததில்லை. பியூலாவை அடக்கம் செய்த நாளிலிருந்து தொண்டைக்குள் கிடந்தது முழுக்கக் குழல் வழியாக வெளியே வந்தது. கடைசிப் பாட்டில் தனுஷ்கோடி சாக்ஸபோனை மடியில் இறக்கி வைத்துவிட்டு, அவர் வாசிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையிலிருந்து இறங்கும்போது பெலிக்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நல்லா ஊதுதலே. இது போதும்."

"போதுமா? ஜெர்மனில இதைவிட நல்லா ஊதுவோம் அண்ணாச்சி."

"ஆமாமா. ஊதுவோம்" என்று தனுஷ்கோடி சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை, சாப்பிட உட்கார்ந்த தனுஷ்கோடி அப்படியே சாய்ந்துவிட்டார்.

பெலிக்ஸ் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். ஸ்வெட்டரை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். சமுத்திரம் புல்லாங்குழலை உதட்டில் வைத்தான், ஊத முடியவில்லை. பெலிக்ஸ் ஊதினார். தெருவில் ஆரம்பித்துச் சுடுகாடு வரைக்கும் நிறுத்தவே இல்லை. அழுவதற்கு அவருக்கு வாய் மிச்சமில்லை, அது நல்லதாகப் போயிற்று.

கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்கு வேறு நல்ல போட்டோ இல்லை. சமுத்திரம் பழைய போர்டிலிருந்தே எடுத்துப் போட்டான். அழுதுகொண்டே வெட்டியதில் தனுஷ்கோடியின் காதோரம் ஈஃபில் கோபுரத்தின் ஒரு கால் தங்கிவிட்டது. "அடடா, ஜெர்மனி போன எடத்துலயா?" என்று டீக்கடையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். முனீஸ்வரி டீச்சர் பெலிக்ஸ் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்துவிட்டு, ஊறுகாய் பக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி, விமானம் இல்லாத அந்த நாள், விசேஷம் எதுவுமின்றி விடிந்து அடைந்தது. நாலு நாள் கழித்துப் பதினாறாம் நாள் காரியம். சாப்பாடு முடிந்து பந்தல் காலியானதும் பெலிக்ஸ் தயங்கித் தயங்கிப் பின்கட்டுக்குப் போனார். சிவரஞ்சனி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். யாரிடமாவது சொல்லிவிடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"அம்மா, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். அந்த ஜெர்மனிப் பயணம் மே மாசமே ரத்தாயிருச்சு. மெயில் வந்துச்சு. அண்ணாச்சி மனசு ஒடிஞ்சிருவாகன்னு மறைச்சிட்டேன். டிக்கெட்டு, தேதி அம்புட்டும் பொய். நல்லவேளை, உங்க மாமாவுக்குத் தெரியாமலே போயிட்டாக. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

சிவரஞ்சனி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ரத்துன்னு வந்த மெயிலை அடிச்சது நாந்தான், பெலிக்ஸ் மாமா, வரச் சொல்லி வந்த மெயிலை அடிச்சதும் நாந்தான் — 'நான் போறதுக்குள்ள பெலிக்ஸு மறுபடி ஊதிட்டாப் போதும்'னு எங்க மாமா பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல அடிச்சேன்."