வால்வெட்டி ஐயாவின் மீன்கள்

அன்றைக்குக் கண்மாய்க் கரையில் இருந்தவர்கள்: மீன் குத்தகைக்காரர். கோடாலியோடு அவருடைய ஆட்கள் நாலு பேர். குடை பிடித்தபடி ரெவினியூ இன்ஸ்பெக்டர். வண்டிக்காரன் சாத்தையா, அதாவது நான். என் இரண்டு மாடுகள். தண்ணீருக்குள் வலையோடு சோலை. அவருக்குப் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில், கோட்டைக் கழற்றாமல், வால்வெட்டி ஐயா.

இவரைப் போல் படித்தவர் எங்கள் பக்கம் வந்ததில்லை. இவரைப் போல் பேச்சு வாங்கினவரும் வந்ததில்லை.

பட்டணத்துக் காலேஜிலிருந்து வந்தார். மீன், பறவை, புல், பூச்சி, எது எங்கே எத்தனை இருக்கிறது என்று கணக்கெடுப்பது வேலை. அதற்குச் சம்பளம் உண்டு என்பதை எங்கள் ஊர் அரிமளத்தில் ஒருவரும் நம்பவில்லை. மாதச் சம்பளத்துக்கு என்னையும் வண்டியையும் வைத்துக்கொண்டார். சமையலும் என் தலையில் விழுந்தது.

யாரையும் நீ என்று சொல்ல மாட்டார். மாட்டைக்கூட. "கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க" என்பார். மாடு நகரும். நான் சொன்னால் நகராது.

ஒரு தடவை கறம்பக்குடிச் சந்தைக்குப் போனோம். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். காய்க்காரம்மா பயந்துவிட்டார்.

"என்னங்கய்யா, கண்ணுல தூசியா?"

"இல்லம்மா. கண்ணத் தெறந்து எடுத்தா நல்ல காயாப் பாத்து எடுத்துருவேன்."

"அதுக்குத்தான்யா எல்லாரும் கண்ணத் தெறக்குறாங்க!"

வீட்டுக்கு வந்து நறுக்கினேன். பாதி சொத்தை. அவருக்கு ஒரே சந்தோஷம். "அந்தக் குவியல்ல பாதி சொத்தை, தெரிஞ்சுதா?" என்றார். தெரிந்தது. மீதிப் பாதியைக் குழம்பு வைத்தேன்.

கண்மாயிலும் அதே கதை. எந்த இடத்தில் வலை வீசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார். ஒரு நாள் முழங்கால் அளவுச் சேற்றுக்குச் சீட்டு விழுந்தது. சோலைக்கு வலை வீசுவதுதான் பிழைப்பு. அவருக்குப் பொறுக்கவில்லை.

"அங்கிட்டு மீனே கெடையாதுங்க."

"இல்லைன்னு வலை சொல்லட்டும்."

"வலைக்கு வாய் இல்லீங்களே."

"அதனாலதான் அது பொய் சொல்லாது."

சோலை வீசினார். ஒரு நண்டு வந்தது. ஐயா அதையும் எழுதிக்கொண்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் மரக்கரியில் ஓடின. கரிக்கு நல்ல கிராக்கி. கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்கள் மேல் குத்தகைக்காரருக்குக் கண் விழுந்தது. அந்த மரங்களில்தான் நாரையும் நீர்க்காக்கையும் கூடு கட்டும். 'பறவை மீனையெல்லாம் தின்கிறது, எனக்கு நஷ்டம், மரத்தை வெட்ட உத்தரவு வேண்டும்' என்று மனுப் போட்டார். மீன் மூவாயிரத்துக்குக் கீழே இருந்தால் வெட்டலாம் என்று உத்தரவு வந்தது. எண்ணிச் சொல்ல வேண்டியவர் ஐயா.

மூன்று வருஷமாக அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அப்போது கூடு நிறையக் குஞ்சு. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கண்மாய்த் தண்ணீரை இறைத்தா எண்ண முடியும்? ஐயா ஒரு வழி வைத்திருந்தார். முன்னூறு மீனைப் பிடிக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் வால் நுனியில் ஒரு ஓரத்தைக் கத்தரித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டார். பிடித்த மீனைத் திரும்ப விடுகிற மனுஷனைப் பார்க்க ஊரே திரண்டு வந்தது. அவருக்குப் பேரும் அன்றைக்குத்தான் விழுந்தது.

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும்" என்று என்னிடம் சொன்னார். "பத்து நாள் கழிச்சு எரநூறு பிடிப்போம். அதுல வால் வெட்டுனது நெறைய வந்தா கண்மாயில மீன் கொஞ்சம். கொஞ்சமா வந்தா மீன் நெறைய. இருபது வந்தா மொத்தம் மூவாயிரம். அதுக்கு மேல வந்தா மரம் போச்சு."

அந்தப் பத்தாம் நாள்தான் மேலே சொன்ன கூட்டம். சோலை வீசினார், பிரித்தார், கூடையில் போட்டார். இருநூறு ஆனது. கரையில் கொட்டிப் பார்த்தோம். வால் வெட்டினது ஒன்றுகூட இல்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "அப்ப மொத்தம் எத்தனைங்க?"

"கணக்குப்படி அளவே இல்லீங்க."

"அப்ப எண்ணில் அடங்காதுன்னு எழுதிடவா?"

கோடாலிக்காரர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்ப எழுந்தார்கள். குத்தகைக்காரர் முகம் சுண்டிப் போனது. எனக்கு நிம்மதி. ஐயாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. சோலை பக்கம் திரும்பினார்.

"வால் வெட்டுனது ஒண்ணுகூட வலையில வரலையா?"

சோலை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "வந்துச்சுங்களே! அப்பப்பத் தண்ணிக்குள்ளயே விட்டுட்டேன். அது ஒங்க மீனுல்ல?"

"என் மீனா?"

"நீங்கதான அடையாளம் போட்டீங்க. காது வெட்டுன ஆடு நம்ம மந்தையில வந்து கலந்தா அடிச்சுத் திம்போமா? ஒடையவுககிட்டப் பத்தி விட்ற மாட்டோம்? சோலை அடுத்தவுக பொருளத் தொட மாட்டான்யா."

இன்ஸ்பெக்டர் குடைக்குள் எழுதிக்கொண்டிருந்தார். இது அவர் காதில் விழவில்லை. நான் ஐயாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"பேசாம வாங்கய்யா. மரம் தப்பிச்சுச்சு."

அவர் கையை விலக்கிவிட்டு நேரே போய்ச் சொன்னார். "கணக்குத் தப்புங்க. நாளைக்குத் திரும்பப் பிடிக்கணும்."

குத்தகைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. "இவருதான்யா படிச்சவரு!"

மறுநாள் அதே கூட்டம். சோலைக்கு விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அவர் கை ஒப்பவில்லை. வால் வெட்டின மீன் வரும்போதெல்லாம் தூக்கிக் காட்டினார்.

"ஐயா, ஒங்க மீனு. கூடையில போடலாங்களா?"

"போடுங்க."

கோடாலிக்காரர்கள் விரல் விட்டு எண்ணினார்கள். நூறு மீனுக்குள் பதினொன்று வந்துவிட்டது. குத்தகைக்காரர் வெற்றிலை மடித்துப் போட்டார்.

"சோலை, நேத்து மாதிரி ஒண்ணு ரெண்டத் தண்ணிக்குள்ள நழுவ விடேன்" என்று மெதுவாகச் சொன்னேன்.

ஐயாவுக்குக் கேட்டுவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க, சாத்தையா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தரம் மரங்களைப் பார்த்துவிட்டு அடுத்த மீனைக் குறித்தார்.

இருநூறாவது மீன் விழுந்தபோது வால் வெட்டினது பதினேழு. ஐயா பெருக்கி வகுத்தார். மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.

நான் மாட்டைப் பூட்டப் போனேன். பின்னால் அவர் குரல் கேட்டது.

"ஒரு விஷயங்க. இது கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். ரெண்டாயிரத்து ஐந்நூறாவும் இருக்கலாம்."

போச்சு என்று நினைத்தேன். குத்தகைக்காரர் ஓடி வந்தார். "கேட்டீங்களா? அவரு வாயாலயே சொல்றாரு!"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடவில்லை. "அப்ப ஐயாயிரமாவும் இருக்கலாமா?"

"இருக்கலாங்க."

"சந்தேகம் ரெண்டு பக்கமும் இருக்கு. அப்ப மரமும் இருக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார் ஐயா. நானும் சோலையும் அவரைத் தூக்கி வண்டியில் வைத்தோம். கோட்டிலிருந்து வழி நெடுகத் தண்ணீர் சொட்டியது.

மறு வருஷம் அவரை வடக்கே எங்கேயோ மாற்றிவிட்டார்கள். ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

அந்தத் தை மாதம் வண்டியை அவிழ்த்துவிட்டுக் கண்மாய்ப் பக்கம் போனேன். பறவைகள் வந்திருந்தன. கரையில் உட்கார்ந்து மரம் மரமாகக் கூடுகளை எண்ணினேன். நடுவில் ஒரு மரத்தை விட்டுவிட்டதாகத் தோன்றியது. முதலிலிருந்து எண்ணினேன். என்னை யாரும் எண்ணச் சொல்லவில்லை.

நானூற்றுப் பதின்மூன்று.